ஐந்து சென்ட் பெட்டியும் ரிட்டர்ன் கிஃப்ட் பாக்கெட்டும்



நம் வளாகத்தில் ஒரு பிறந்தநாள் விழா நடந்தால், வந்த குழந்தைகளுக்குக் கொடுக்கும் பையில் ஒரு கிரேயான் பாக்கெட்டும் ஒரு ஸ்டிக்கர் தாளும் பெரும்பாலும் இருக்கும். பள்ளிக்குப் போகும் பிள்ளை அதை வைத்துப் படம் வரையும். ஒன்றரை, இரண்டு வயதுக் குழந்தையோ அதை முதலில் வாயில் வைக்கும். அதனால், சின்னக் குழந்தைக்கு எதை, என்ன விலையில் வாங்குவது என்பது அற்ப விஷயம் அல்ல.

மலிவாக வாங்குவதில் தவறே இல்லை. குழந்தைகளுக்கான கிரேயான் கடைக்கு வந்ததே மலிவாக விற்பதற்காகத்தான். ஆனால் எந்தச் செலவைக் குறைத்து மலிவாக்கியிருக்கிறார்கள் என்று பார்த்து வாங்க வேண்டும். அதைப் புரிந்துகொள்ள இந்தப் பொருளின் வரலாறு நன்றாக உதவுகிறது. கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள்.

பலப்பத்தில் தொடங்கிய கதை

சிலேட்டும் பலப்பமும் நம் தலைமுறைக்குப் புதிதல்ல. பலப்பத்தைத் தின்னும் பிள்ளைகளை அதட்டாத வீடும் அந்நாளில் இருந்திருக்காது. கிரேயான் கதையும் பலப்பத்தில்தான் தொடங்குகிறது.

அமெரிக்காவில் எட்வின் பின்னி, ஹெரால்டு ஸ்மித் என்ற உறவினர் இருவர் 1885-இல் கூட்டாக ஒரு நிறுவனம் தொடங்கினார்கள். அவர்கள் விற்றது வண்ணப்பொருள்கள். தானியக் கொட்டகைகளுக்கு அடிக்கும் சிவப்புச் சாயத்துக்கான இரும்பு ஆக்சைடும், கரிக்கறுப்பும் அவற்றில் முக்கியமானவை. 1900-இல் பென்சில்வேனியா மாநிலத்தின் ஈஸ்டன் ஊரில் ஓர் ஆலையை வாங்கிப் பள்ளிகளுக்குப் பலப்பம் செய்தார்கள். அடுத்து, தூசி பறக்காத சாக்பீஸ் செய்தார்கள். இப்படிப் பள்ளிகளோடு பழக்கம் ஏற்பட்டது. பிள்ளைகளுக்கு வண்ணச் சாக்பீஸ் போல ஒன்று தேவைப்படுகிறது, ஆனால் கிடைப்பவை விலை அதிகம் அல்லது தரம் குறைவு என்பது அவர்களுக்குப் புரிந்தது.

1903-இல் வந்தது அவர்களுடைய 'கிரேயோலா' பெட்டி. சிவப்பு, ஆரஞ்சு, மஞ்சள், பச்சை, நீலம், ஊதா, பழுப்பு, கறுப்பு என எட்டு குச்சிகள். விலை ஐந்து சென்ட். அதாவது குச்சி ஒன்று ஒரு சென்ட்டுக்கும் குறைவு. பெயர் வைத்தவர் பின்னியின் மனைவி ஆலிஸ். அவர் ஆசிரியையாக இருந்தவர். சாக்குக்கட்டியைக் குறிக்கும் பிரெஞ்சுச் சொல்லோடு எண்ணெய்ப் பசையைக் குறிக்கும் சொல்லைச் சேர்த்து அந்தப் பெயரை உண்டாக்கினார்.

எதில் மிச்சம் பிடித்தார்கள்?

மெழுகில் வண்ணம் கலப்பது அவர்கள் கண்டுபிடித்தது அல்ல. சுமார் இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முன்பே எகிப்தில் சூடான தேன்மெழுகில் வண்ணம் கலந்து முகச் சித்திரங்கள் தீட்டினார்கள். ஆனால் தேன்மெழுகு விலை உயர்ந்தது. கிரேயான் மலிவானதற்குக் காரணம் பாரஃபின் மெழுகு.

1859-இல் அதே பென்சில்வேனியாவின் டைட்டஸ்வில் பகுதியில் பெட்ரோலியக் கிணறு தோண்டினார்கள். அப்போது எல்லோருக்கும் வேண்டியிருந்தது விளக்கெரிக்க மண்ணெண்ணெய். கச்சா எண்ணெயைச் சுத்திகரிக்கும்போது பாரஃபின் மெழுகும் கிடைத்தது. வணிகவியலில் செலவுக் கணக்குப் படித்தவர்களுக்கு 'உபபொருள்' என்ற சொல் நினைவிருக்கும். பிரதான சரக்கே செலவில் பெரும்பகுதியைத் தாங்கிவிடுவதால் உபபொருள் மலிவாகக் கிடைக்கும். மெழுகுவத்தி மலிவானதும் அப்படித்தான், கிரேயான் மலிவானதும் அப்படித்தான்.

ஆக, மிச்சம் பிடித்தது மெழுகில். வண்ணத்தில் அப்படி மிச்சம் பிடிக்க முடியாது. அந்நாளில் புழங்கிய பளிச்சென்ற மஞ்சள் ஒன்று ஈயமும் குரோமியமும் சேர்ந்தது. சிவப்பு ஒன்று பாதரசம் கலந்தது. இன்னொரு சிவப்பு ஈயத்தின் ஆக்சைடு. மரப்பெட்டியில் முகவரி எழுதும் குச்சிக்கு எந்த வண்ணம் போட்டாலும் பரவாயில்லை. பிள்ளைகள் கைக்கும் வாய்க்கும் போகிற குச்சிக்கு நஞ்சில்லாத வண்ணம் வேண்டும். இன்றுவரை ஒரு நல்ல கிரேயானுக்கும் மோசமான கிரேயானுக்கும் உள்ள முக்கிய வித்தியாசம் இதுதான்.

எண்ணிக்கை கூடியது யாருக்காக?

எட்டு வண்ணப் பெட்டி நன்றாக விற்றது. 1949-இல் 48 வண்ணப் பெட்டி வந்தது. 1958-இல் பின்பக்கத்தில் துருவியோடு 64 வண்ணப் பெட்டி வந்தது. பத்து வயதுப் பிள்ளைக்கு இவை சந்தோஷம் தரும். இரண்டு வயதுக் குழந்தை இரண்டு மூன்று குச்சிகளைத்தான் மாற்றி மாற்றி எடுக்கும். மற்றவை சோபாவுக்கு அடியில் போகும்.

எண்ணிக்கை கூடியபோது பெயர்களும் கூடின. அதில் ஒரு பாடம் உண்டு. வெளிர் இளஞ்சிவப்பு நிறம் ஒன்றுக்கு 'சதை நிறம்' என்று பொருள்படும் பெயர் இருந்தது. எல்லோருடைய தோலும் அந்த நிறம் அல்லவே? 1962-இல் அதை 'பீச்' என்று மாற்றினார்கள். நம் வீடுகளில் பிள்ளைகள் இன்றும் அதே குச்சியை 'ஸ்கின் கலர்' என்றுதான் சொல்கிறார்கள். பேத்தி அப்படிச் சொன்னால், அவள் கையருகில் பழுப்புக் குச்சியையும் வைத்துக் காட்டுங்கள். இதற்குச் செலவு எதுவும் இல்லை.

ஈயமும் கல்நாரும்

1994-இல், சீனாவிலிருந்து அமெரிக்காவுக்கு இறக்குமதியான சில கிரேயான்களில் ஈயம் இருந்ததால் அவற்றைத் திரும்பப் பெற வேண்டியதாயிற்று. ஈயம் வளரும் மூளையைப் பாதிக்கும். பாதுகாப்பான அளவு என்று எதுவும் இல்லை என்பது உலக சுகாதார நிறுவனத்தின் நிலை.

2000-இல் இன்னொரு செய்தி வந்தது. குச்சி உடையாமல் இருக்கச் சேர்க்கும் மாக்கல் தூளில் கல்நார் இழைகள் மிகச் சிறு அளவில் கலந்திருந்தது தெரிந்தது. பெயர்பெற்ற நிறுவனங்களின் சரக்கும் இதில் அடக்கம். ஆபத்து மிகக் குறைவு என்று அரசு அமைப்பு சொன்னது. இருந்தாலும் தயாரிப்பாளர்கள் கலவையை மாற்ற ஒப்புக்கொண்டார்கள்.

இந்த இரண்டு நிகழ்ச்சிகளையும் சேர்த்துப் பாருங்கள். பெரிய பெயர் மட்டுமே உத்தரவாதம் அல்ல. அதேசமயம், பெயரும் முகவரியும் பெட்டியில் இருந்தால்தான் தவறு தெரியும்போது கேட்கவும் திருத்தவும் முடியும். எந்தப் பெயரும் இல்லாத பாக்கெட்டை யாரிடம் திருப்பிக் கொடுப்பது?

பெட்டியில் இரண்டு குறிகளைப் பார்க்கலாம். 'இ.என். 71' என்பது ஐரோப்பியப் பொம்மைப் பாதுகாப்புத் தரம். ஈயம் போன்ற உலோகங்கள் எவ்வளவு வெளிவரலாம் என்பதற்கு அதில் வரம்பு உண்டு. 'ஏ.எஸ்.டி.எம். டி-4236' என்பது அமெரிக்கக் குறி. நீண்டகால ஆபத்து உண்டா என்று ஆராய்ந்து, இருந்தால் எச்சரிக்கை அச்சிட வேண்டும் என்பதே அதன் பொருள். ஆகவே இந்தக் குறி இருந்தாலும், எச்சரிக்கை வாசகம் ஏதாவது இருக்கிறதா என்று கூடவே படியுங்கள். நம் நாட்டில் 2021 ஜனவரி 1 முதல் பொம்மைகளுக்கு ஐ.எஸ்.ஐ. முத்திரை கட்டாயம். கிரேயானோடு பொம்மையும் சேர்ந்து வரும் செட் என்றால் அதையும் பாருங்கள்.

ஜப்பானிலும் நம் நாட்டிலும்

நம் கடைகளில் 'ஆயில் பேஸ்டல்' என்று ஒரு வகை இருக்கிறது. அது ஜப்பானின் சகுரா நிறுவனம் 1925-இல் 'கிரே-பாஸ்' என்ற பெயரில் கொண்டுவந்தது. எண்ணெய் கலந்திருப்பதால் மென்மையாக, அழுத்தமாக வரும். அதே காரணத்தால் சீக்கிரம் உடையும், கையிலும் சுவரிலும் அப்பிக்கொள்ளும். வாடகை வீட்டில் இருப்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். சின்னக் குழந்தைக்குத் தடித்த மெழுகுக் கிரேயானே நல்லது. 'வாஷபிள்' என்று போட்டிருந்தால் இன்னும் நல்லது.

இந்தியாவில் 1931-இல் மும்பையில் டி.பி. தண்டேகர் மைத்தூளும் மைவில்லையும் செய்யத் தொடங்கினார். அதுதான் பிறகு கேம்லின் ஆனது. பின்னாளில் வண்ணப் பொருள்களையும் தயாரித்தது. 2011-இல் ஜப்பானின் கோகுயோ அதன் பெரும்பான்மைப் பங்கை வாங்கியது. உள்நாட்டுத் தயாரிப்பாளர்கள் இன்று பலர் இருப்பதால், குறிகளோடு கூடிய கிரேயானே கட்டுப்படியாகும் விலையில் கிடைக்கிறது. 2025 செப்டம்பர் 22 முதல் கிரேயானுக்கு இருந்த 12 சதவீத ஜி.எஸ்.டி.யும் பூஜ்யமாகிவிட்டது. பில்லில் வரி போட்டிருந்தால் தயங்காமல் கேளுங்கள்.

ஸ்டிக்கர் வந்த வழி

முதுகில் கோந்து தடவிய தாளுக்குப் பிரபலமான முன்னோடி 1840-இல் இங்கிலாந்தில் வந்த தபால்தலை. அதை ஈரப்படுத்தி ஒட்ட வேண்டும். ஈரம் இல்லாமலே உரித்து ஒட்டும் லேபிளை வியாபாரமாக்கியவர் ஸ்டான்டன் ஏவரி. 1935-இல் லாஸ் ஏஞ்சலிஸில், பழைய வாஷிங் மெஷின் மோட்டாரையும் தையல் இயந்திர உதிரிகளையும் வைத்து இயந்திரம் அமைத்தார். முதலீடு 100 டாலர். தாம் மணக்கவிருந்த டாரத்தி என்ற ஆசிரியையிடம் வாங்கிய கடன் அது. வங்கியில் வேலை பார்த்த எனக்கு அந்த வரவு மிகவும் பிடிக்கும்!

அவர் செய்தது குழந்தைகளுக்கு அல்ல, கடைச் சரக்கில் விலை ஒட்டுவதற்கு. உரித்தால் பொருளில் கறை நிற்கக் கூடாது என்பதுதான் அதன் சிறப்பு. நம் வீட்டு அலமாரிக்கும் டைல்ஸுக்கும் தேவையானது அதே குணம்தான். வாங்கியதும் ஒரு ஸ்டிக்கரை எவர்சில்வர் தட்டில் ஒட்டி, மறுநாள் உரித்துப் பாருங்கள். பசை நின்றால் அதைச் சுவர் பக்கம் கொண்டுபோக வேண்டாம்.

அளவும் முக்கியம். மூன்று வயதுக்கு உட்பட்டவர்களின் பொம்மையைச் சோதிக்க 31.7 மில்லிமீட்டர் விட்டமுள்ள உருளை ஒன்று உண்டு. அதற்குள் முழுதாக அடங்கும் பொருள் தொண்டையில் சிக்கக்கூடும் என்று எடுத்துக்கொள்வார்கள். நம் பத்து ரூபாய் நாணயத்தின் விட்டம் 27 மில்லிமீட்டர். நாணயத்தை விட நன்றாகப் பெரிதாக இல்லாத ஸ்டிக்கரைச் சின்னவர்களுக்குக் கொடுக்காதீர்கள். பொடி மினுக்கு உதிர்பவையும், உப்பலான பஞ்சு ஸ்டிக்கர்களும் வேண்டாம். வீட்டில் கண்ணாடியில் ஒட்டிவைக்கும் ஸ்டிக்கர் பொட்டையும் எட்டாத உயரத்துக்கு மாற்றிவிடுங்கள்.

இனி வாங்கும்போது

ஆறு அல்லது எட்டு வண்ணம் போதும். குச்சி தடிமனாக இருக்கட்டும். இந்த வயதில் குழந்தை முழுக் கையால் பிடித்துத்தான் தீட்டும். விலையைக் குச்சிகளின் எண்ணிக்கையால் மட்டும் வகுத்துப் பார்க்காதீர்கள். உடைந்து போவதையும் கணக்கில் எடுங்கள். மெல்லிய 24 குச்சிகள் இரண்டு வாரத்தில் துண்டாகிவிட்டால், தடித்த எட்டே லாபம். துண்டுகளைச் சேர்த்து வைத்து, மூன்று வயது தாண்டியவர்களுக்குக் கொடுங்கள்.

ஸ்டிக்கருக்கு ஒரு சிக்கன வழி சொல்கிறேன். நோட்டுப் புத்தகத்தில் பெயர் எழுதி ஒட்டும் வெள்ளை லேபிள் ஸ்டேஷனரி கடையில் கிடைக்கும். குழந்தை அதில் கிரேயானால் கிறுக்கட்டும். ஒரு மூலையை நீங்கள் உரித்துக் கொடுங்கள், மீதியை அது உரித்துப் பழைய காலண்டர் தாளில் ஒட்டும். நாம் பக்கத்தில் உட்கார்ந்திருக்க வேண்டும், அவ்வளவுதான்.

விழா வைக்கும் பெற்றோருக்கு ஒரு வேண்டுகோள். மூன்று வயதுக்குக் கீழே உள்ளவர்களுக்கு மட்டும் பையைத் தனியாகப் போடுங்கள். பெயரும் முகவரியும் இல்லாத கிரேயான் பாக்கெட்டும் பொடி ஸ்டிக்கரும் அதில் வேண்டாம். கட்டுப்படியாகவில்லை என்றால் ஒரு வாழைப்பழமும் ஒரு பலூனில்லாத பையுமே போதும். எந்தக் குழந்தையும் குறை சொல்லாது.