சம்பளத்துக்கு வேடிக்கை பார்த்தவர்கள்

வேடிக்கை பார்க்கிறவனுக்கு வேலை வெட்டி கிடையாது என்று நம்ம ஊர்ப் பக்கம் ஒரு நினைப்பு. பண்ணைக்காட்டில் டீக்கடை பெஞ்சில் அரை மணி நேரம் உட்கார்ந்து பாருங்கள், "என்ன தம்பி, சும்மாவா இருக்கே?" என்று மூணு பேராவது கேட்டுவிடுவார்கள். ஆனால் இதே பழனி மலையில் சர்க்கார் சம்பளம் வாங்கிக்கொண்டு வேடிக்கை பார்த்த ஆசாமிகள் இருந்திருக்கிறார்கள் சாமி. இந்தப் பதிவு அவங்களைப் பத்தித்தான்.

முதல் ஆள் லெப்டினன்ட் வார்டு. 1821-ல் கம்பெனிக்காக மலையை அளக்க வெள்ளகவி வழியாக ஏறினார். அமெரிக்கப் பாதிரிமார்கள் கொடைக்கானலில் பங்களா கட்டியதே அதற்கப்புறம், 1845-ல்தான். அதன் பிறகும் ரொம்ப வருஷத்துக்கு துரைமாரும் துரைசானிகளும் பெரியகுளம் பக்கத்து அடிவாரத்திலிருந்து குதிரையிலோ, டோலியிலோ, ஆட்கள் தூக்குகிற நாற்காலியிலோதான் மேலே வந்தார்கள். வத்தலக்குண்டு மலைப்பாதையில் மோட்டார் ஏறியதெல்லாம் 1910-களில்தான். நாற்காலியில் உட்கார்ந்து வந்தவர்கள் டைரி எழுதினார்கள், ஊருக்குக் கடுதாசி எழுதினார்கள். தூக்கிக்கொண்டு வந்தவர்கள் எழுதவில்லை. செங்குத்து ஏற்றத்தில் ஒரு கனத்த துரையைத் தோளில் வைத்துக்கொண்டு, அவருக்குப் புரியாத தமிழில் என்னவெல்லாம் பேசிக்கொண்டு போயிருப்பார்கள்! அது மட்டும் எங்காவது கிடைத்தால் என் சொத்தில் பாதியை எழுதி வைக்கத் தயார். (ரொம்ப சந்தோஷப்படாதீங்க, சொத்து ஒரு பழைய டிவிஎஸ் ஃபிப்டிதான்.)

அடுத்தவர் டபிள்யூ. பிரான்சிஸ். 1901-ல் சென்னை மாகாண சென்சஸை நடத்தியவர். அதாவது தலையெண்ணுவதே உத்தியோகம். 1906-ல் மதுரை ஜில்லா கெசட்டியர் எழுதினார். (அப்போ நாமெல்லாம் மதுரை ஜில்லா. திண்டுக்கல் தனி மாவட்டம் ஆனது 1985-ல்.) அதில் இந்த மலையில் விவசாயம் பண்ணுகிற குன்னுவர்களைப் பற்றி எழுதியிருக்கிறார். முன்னோர்கள் தாராபுரம், காங்கேயம் பக்கமிருந்து நாலைந்து நூற்றாண்டுக்கு முன்னால் சண்டைக்குப் பயந்தோ பஞ்சத்துக்குப் பயந்தோ மலை ஏறியவர்கள், ஊருக்கு ஒரு மன்னாடி உண்டு என்றெல்லாம் சொல்லிக்கொண்டே வந்தவர், திடீரென்று நகைக்கடை சேல்ஸ்மேன் மாதிரி ஆகிவிடுகிறார். கழுத்தில் என்ன, காலில் என்ன, மூக்கில் என்ன, சேலையை எங்கே முடிச்சுப் போடுகிறார்கள், எல்லாம் இருக்கிறது. வெள்ளைத் துணி முன்பு விலக்காக இருந்தது, இப்போது சகஜமாகிவிட்டது என்பது வரை கவனித்திருக்கிறார். டீக்கடை பெஞ்சில் உட்கார முழுத் தகுதி உள்ள மனிதர்.

ஆனால் ஒரு இடத்தில் எனக்குச் சுருக்கென்றது. குன்னுவர்கள் வருவதற்கு முன்னால் இந்த நிலத்தைப் பயிரிட்டவர்கள் புலையர்கள் என்று எழுதுகிறார். எழுதும்போதே அவர்களுக்கு 'சோம்பேறிகள்' என்று ஒரு அடைமொழி. அடுத்த வரியிலேயே, வந்தவர்கள் அவர்களை வெளியேற்றிப் பண்ணையடிமை ஆக்கினார்கள், அதிலிருந்து அவர்கள் இன்னும் சரியாக மீளவில்லை என்கிறார். அடுத்தவன் காட்டில் அடிமையாக வேலை பார்க்கிறவன் எப்படி சார் சோம்பேறி? நிலத்தைப் பிடுங்கியவர்கள் சொன்னதைக் கேட்டு அப்படியே எழுதிக்கொண்டார் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. சேலை முடிச்சைப் பார்த்த கண்ணுக்கு இது தெரியவில்லை.

மூன்று வருஷம் கழித்து, 1909-ல் தர்ஸ்டன் தென்னிந்திய சாதிகள் பற்றி ஏழு தொகுதி போட்டார். அதில் குன்னுவர் பகுதியில் பிரான்சிஸ் எழுதியது அப்படியே வருகிறது, அந்த சோம்பேறிப் பட்டமும் சேர்த்து. பிரான்சிஸ் பெயரைப் போட்டுத்தான் எடுத்திருக்கிறார், நம்ம காப்பி பேஸ்ட் திலகங்கள் மாதிரி இல்லை :-) தர்ஸ்டனுக்கு மூக்கை அளப்பதில் தனிப் பிரியம், கருவியோடு ஊர் ஊராகப் போவார். வயநாட்டில் பணியர் பெண்கள் அவரைப் பார்த்ததும் ஓடிவிட்டார்களாம். நல்ல உருப்படியாகப் பொறுக்கி எடுத்து, பஞ்சடைத்து, மெட்ராஸ் மியூசியத்தில் வைக்கப் போகிறார் என்று பயம். இதை அவரே எழுதி வைத்திருக்கிறார். அவர் அதை ஜோக்காகத்தான் நினைத்திருப்பார். எனக்கென்னவோ அந்தப் பெண்கள் ஆளைச் சரியாக எடை போட்டுவிட்டார்கள் என்றே படுகிறது.

அந்த 'சோம்பேறி' இன்னும் டீக்கடையில் உயிரோடு இருக்கிறான். (காப்பி விளைகிற ஊரில், வீட்டில் வரக்காப்பி குடித்துவிட்டு வந்து கடையில் டீ குடிப்பது தனி ஆராய்ச்சிக்குரியது.) 1970-களில் முடிக்கொத்து நோய் வந்து மலைவாழை அழிந்த கதை பேசுவார்கள். பழனி பஞ்சாமிர்தத்துக்குப் போன விருப்பாச்சிப் பழம் அது. 2008-ல் புவிசார் குறியீடு கொடுத்தார்கள், அதற்குள் தோட்டங்களில் பாதிக்கு மேல் போயாச்சு. நோயைத் திட்டுவார்கள், விலையைத் திட்டுவார்கள். கடைசியில் குரங்கு குல்லா போட்ட ஒரு பெரியவர், "நூறு நாள் வேலைன்னு ஒண்ணு வந்துச்சு, ஒரு பயலும் காட்டு வேலைக்கு வர மாட்டேங்குறான், எல்லாம் சோம்பேறியாயிட்டானுங்க" என்று முடிப்பார். கூலி என்ன கொடுக்கிறீங்கய்யா என்று கேட்டால் டம்ளரைக் கீழே வைத்துவிட்டு மஃப்ளரைச் சரி பண்ணிக்கொள்வார்.

எனக்குப் பிடித்த ஆய்வாளர்கள் பஸ்ஸில் வரும் கிழவிகள்தான். ஒளிந்து பார்ப்பது, குறிப்பெடுப்பது எல்லாம் கிடையாது, நேரடி விசாரணை. போன தடவை பண்ணைக்காட்டிலிருந்து கீழே இறங்கும்போது பக்கத்து சீட் அப்பத்தா ஒருத்தர் ஊர், அப்பா பெயர், சம்பளம், கல்யாணம் ஏன் தள்ளிப்போகிறது என்று எல்லாவற்றையும் ஊத்து வருவதற்குள் கறந்துவிட்டார். சரி, நம்ம முறை என்று, "உங்களுக்கு வயசு எத்தனை அப்பத்தா?" என்று கேட்டேன். மடியில் இருந்த பையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு மேலும் கீழும் பார்த்தார்.

"அது எதுக்கு உனக்கு? கணக்கெடுக்க வந்திருக்கியா?"