கடற்கரைத் திண்ணையும் கல்லூரி வாயிலும்

திருக்கோணமலைப் பட்டினத்திலிருந்து கடற்கரையோரமாக வடக்கே செல்லும் சாலை, சாம்பல்தீவு, நிலாவெளி ஆகிய ஊர்களைக் கடந்து இறக்கக்கண்டியை அடைகின்றது. அதற்கப்பால் குச்சவெளி, இன்னும் அப்பால் புல்மோட்டை. ஒருபுறம் வங்கக்கடல், மறுபுறம் களப்பு. இக்கரையோரத்திலே தமிழரும் முஸ்லிம்களும் அயலவராய் இருந்து, வலைவீசியும் பயிர்செய்தும் வாழ்ந்து வருகின்றனர். பட்டினத்துக்கும் இவ்வூருக்கும் இடையே பத்து மைலுக்கு மேற்பட்ட தொலைவுண்டு. மோட்டார் வண்டிகள் ஓடத் தொடங்குமுன்னர் அது மாட்டு வண்டியின் வழி. நாள்தோறும் காலையிற் சென்று மாலையில் மீளக்கூடிய தொலைவன்று. ஆகவே, பட்டினத்திலே உறவினர் வீடில்லாத பிள்ளைக்கு, ஊரிலும் தன் வீட்டிலும் கிடைத்ததே கல்வியாயிற்று.

அக்கல்வியை அற்பமென்று கூறுதல் தகாது. விசயதசமியன்று ஏடு தொடக்கி, மணலிலே விரலால் எழுத்தெழுதிப் பழகிய பிள்ளை, அரிச்சுவடியையும் எண்சுவடியையும் முடித்து, ஆத்திசூடி, கொன்றைவேந்தன் முதலிய நீதி நூல்களை மனனஞ் செய்து, வல்லவனாயின் நிகண்டு வரையிலும் சென்றான். தந்தையோ, பாட்டனோ, ஊர்ச் சட்டம்பியாரோ ஆசிரியராயினர். முஸ்லிம் வீடுகளில் லெப்பையிடம் குர்ஆன் ஓதப் பழகிய சிறுவர் சிறுமியர், அவ்வரபு எழுத்தினாலேயே தமிழை எழுதும் அரபுத்தமிழையும் கற்றனர். வீட்டை விட்டு வெளிச்செல்லாத பெண்மக்கள் பலர் அதனாலேயே வாசிப்பறிவு பெற்றனர் என்பதைக் கல்வி வரலாறு எழுதுவோர் அடிக்கடி மறந்துவிடுகின்றனர். ஆயினும் இக்கல்விக்கும் கல்லூரிக்கும் இடையே வழியில்லை. இங்கு கற்றவை தமிழும் மனக்கணக்கும். அங்கு கேட்கப்பட்டது ஆங்கிலம்.

வழி திறந்தது எதிர்பாராத ஒரு திசையிலிருந்து. இலண்டன் சர்வகலாசாலை 1858-ஆம் ஆண்டிலே தன் பட்டப் பரீட்சைகளை, கல்லூரியிற் பயிலாதவர்க்கும் திறந்துவிட்டது. 1880-இல் கேம்பிரிட்ஜ் பரீட்சையும், 1882-இல் இலண்டன் பரீட்சையும் இலங்கையில் நடைபெறலாயின. ‘எங்கே படித்தாய்?’ என்று இலண்டன் கேட்கவில்லை; கட்டணத்தையும் விடைத்தாளையும் மட்டுமே கேட்டது. இலங்கைக்குச் சொந்தமாகச் சர்வகலாசாலை ஏற்பட்டது 1942-இல். அதற்கு முன் 1921-இல் கொழும்பிலே தொடங்கிய யூனிவர்சிற்றிக் கல்லூரியின் மாணவரும் இலண்டன் பரீட்சைக்கே அமர்ந்தனர். இலண்டன் நகரையே காணாதவர் இலண்டன் பட்டதாரியாகி ஊர் திரும்பியது அக்காலத்தின் வேடிக்கைகளுள் ஒன்று.

இவ்வழியிலே நடந்தவருள் கிழக்கிலங்கை என்றும் நினைவிற் கொள்ளுபவர் ஒருவர் உளர். காரைதீவிலே 1892-ஆம் ஆண்டு, சாமித்தம்பியாருக்கும் கண்ணம்மையாருக்கும் மகனாகப் பிறந்த மயில்வாகனன், பின்னாளில் விபுலாநந்த அடிகள் என வழங்கப்பட்டவர். தமிழின் முதற்பாடங்களை ஊரிலேயே கற்று, கல்முனையிலும் மட்டக்களப்பிலும் மிஷன் பாடசாலைகளிற் பயின்று, பதினாறு வயதளவில் கேம்பிரிட்ஜ் சீனியர் பரீட்சையிலே தேறினார். அதன்பின் அவருக்குச் சர்வகலாசாலை வாழ்வு வாய்க்கவில்லை. வாய்த்தது ஆசிரியத் தொழில். பகலிற் பிறர் பிள்ளைகளுக்குக் கற்பித்து, எஞ்சிய பொழுதிலே தாம் கற்றார். 1916-இல் மதுரைத் தமிழ்ச் சங்கத்துப் பண்டிதர் பரீட்சையிலே தேறினார். 1920-இல் இலண்டன் விஞ்ஞானப் பட்டதாரி ஆனார். கொழும்பில் யூனிவர்சிற்றிக் கல்லூரி திறப்பதற்கு ஓராண்டு முன்னர் நிகழ்ந்தது இது. தமிழ்ப் பரீட்சைக்கு மதுரை, விஞ்ஞானப் பரீட்சைக்கு இலண்டன் என இருவேறு அதிகார பீடங்களை ஒருவரே, பெரும்பாலும் தம் முயற்சியால் எதிர்கொண்டமை வியப்புக்குரியது. துறவு பூண்ட பின்னர் இராமகிருஷ்ண சங்கத்தின் சார்பில் திருக்கோணமலை இந்துக் கல்லூரியின் பொறுப்பையும் அவர் சில ஆண்டுகள் தாங்கினார். பட்டினத்தார்க்கு அவர் புறத்தே நின்ற பெரியவரல்லர். தம் பிள்ளைகளின் வகுப்பறைக்குள் வந்து நின்றவர். பின்பு 1931-இல் அண்ணாமலைச் சர்வகலாசாலையிலும், 1943-இல் இலங்கைச் சர்வகலாசாலையிலும் தமிழ்ப் பேராசிரியராய் அமர்ந்தார். கல்லூரி மாணவனாயிருந்து இளங்கலை பயிலாத ஒருவர், இரண்டு சர்வகலாசாலைகளிலே மாணவர்க்குப் பாடஞ்சொன்னார்.

இவ்வரலாற்றைக் கூறி, ‘முயன்றால் எவரும் ஆகலாம்’ என்று முடித்துவிடுதல் எளிது. உண்மை அத்துணை எளிதன்று. மயில்வாகனனுக்கு ஆங்கிலம் கற்பித்த மிஷன் பாடசாலைகள் இருந்தன. இறக்கக்கண்டிப் பிள்ளைக்கோ வீடு நினைவாற்றலைக் கொடுக்கும், இலக்கணத்தைக் கொடுக்கும், கணக்கையும் கொடுக்கும். ஆங்கிலத்தையும் பரிசோதனைச் சாலையையும் கொடாது. இலண்டன் வாயில் எல்லோர்க்கும் திறந்திருந்தது. வாயில் வரை செல்லும் பாதை சிலர்க்கே இருந்தது. கற்ற தந்தையுடைய வீடும் கல்லாத தந்தையுடைய வீடும் ஒரே திண்ணையாகா. முஸ்லிம்களிடையே இவ்விடர் இருமடங்காயிற்று. மிஷன் பாடசாலைக்கு அனுப்பினால் பிள்ளை மார்க்கத்தை விட்டுவிடுமென அஞ்சிப் பெற்றோர் பலர் பிள்ளைகளை வீட்டிலேயே நிறுத்திக்கொண்டனர். அவ்வச்சத்தை மாற்றும் பொருட்டே, 1882-இல் ‘முஸ்லிம் நேசன்’ பத்திரிகையைத் தொடங்கிய சித்திலெவ்வை அவர்கள் நவீனக் கல்வியை வற்புறுத்தி எழுதி வந்தார். அவர் வாப்பிச்சி மரைக்காருடன் சேர்ந்து முயன்றதன் பயனாகக் கொழும்பு மருதானையிலே 1892-இல் தோன்றிய பாடசாலையே பின்னர் ஸாஹிராக் கல்லூரியாக வளர்ந்தது. கொழும்பிலே ஏற்றிய விளக்கின் ஒளி இக்கரையோரத்துக்கு வந்து சேர நெடுங்காலம் சென்றது.

பெண்களின் நிலையோ வேறு. ஆண்பிள்ளைக்கு வீட்டுக்கல்வி முதற்படி. பெண்பிள்ளைக்கு அதுவே முடிவு. இதனை வெளிப்படையாக எடுத்துரைத்தவர் திருக்கோணமலையிற் பிறந்த சரவணமுத்துப்பிள்ளை என்பதை இவ்வூரார் பெருமையோடு நினைக்கலாம். சென்னை சென்று கற்று, 1895-இல் ‘மோகனாங்கி’ என்னும் சரித்திர நாவலை எழுதிய அவர், அதற்கு முன்னரே 1892-இல் ‘தத்தைவிடுதூது’ என்னும் செய்யுள் நூலிலே பெண்விடுதலையைப் பொருளாக்கினார். பழைய தூதுப் பிரபந்தத்தின் உருவத்திலே புதிய வழக்கொன்றை அவர் தொடுத்தது கூரிய உத்தி. பண்டிதர் தள்ளிவிட இயலாத பாத்திரத்திலே பண்டிதர் விரும்பாத மருந்தை வைத்தார். எனினும் பட்டினத்திலே தங்கம்மா சண்முகம்பிள்ளை அவர்கள் இந்துப் பெண்களுக்கென வித்தியாலயம் நிறுவ 1923 வரை காத்திருக்க வேண்டியதாயிற்று.

1945-இல் இலவசக் கல்வி வந்தது. கன்னங்கரா அவர்களின் பெயரோடு இணைந்த அத்திட்டமும், தாய்மொழி வழியான போதனையும், வீட்டுத் திண்ணைக்கும் கல்லூரி வாயிலுக்கும் இடையிலிருந்த வெளியைப் பெரிதும் குறைத்தன. தந்தை கல்லாதவனாயினும் பிள்ளை சர்வகலாசாலை புகலாம் என்பது அதன்பின்னரே பலர்க்கு உண்மையாயிற்று.

ஆயினும் வீடு தன் பணியை விட்டுவிட இயலவில்லை. 1983-இன் பின் மூண்டு 2009 வரை நீடித்த போரிலே இம்மாவட்டத்து மக்கள் பலமுறை இடம்பெயர்ந்தனர். பாடசாலைகள் அகதி முகாம்களாயின. 2004 டிசம்பர் 26-ஆம் நாள் கடல் பொங்கி இக்கரையோரத்தை அழித்தது. பாடசாலை மூடிக்கிடந்த நாள்களில் தாயும் தமையனும் தமக்கையும் ஆசிரியராயினர். பாடசாலையை விட்டவர் தனிப்பட்ட பரீட்சார்த்தியாய் உயர்தரப் பரீட்சைக்கு அமர்வதற்கும் இலங்கையில் இடமுண்டு. இலண்டன் பரீட்சையின் பழைய வழக்கம் வேறோர் உருவில் நிலைபெற்றிருக்கின்றது. கல்வி வசதி குறைந்தவையெனக் கணிக்கப்பட்டு, சர்வகலாசாலை அனுமதியில் தனி ஒதுக்கீடு பெறும் மாவட்டங்களின் வரிசையிலே திருக்கோணமலையும் வைக்கப்பட்டுள்ளது. அது சலுகைதான், ஆனால் அவ்வரிசையில் இடம்பெறுவதே இழப்பின் அளவையும் காட்டுகின்றது.

இன்று இறக்கக்கண்டியிலிருந்து பட்டினம் நோக்கிச் செல்பவர், பட்டினத்தை அடையுமுன்னரே நிலாவெளிப் பக்கத்துக் கோணேசபுரியிலே கிழக்குப் பல்கலைக்கழகத்தின் திருகோணமலை வளாகத்தைக் காணலாம். 2001-ஆம் ஆண்டு வளாகமாக அமைக்கப்பட்டது அது. இவ்வளாகத்தின் மூலம் கற்பிக்கப்படும் பாடங்களுள் சித்த மருத்துவமும் ஒன்று. தந்தை மகனுக்கும், மாமன் மருமகனுக்கும், வீட்டு உள்ளறையிலே ஏட்டுச் சுவடியை விரித்து, வெளியார் அறியாதவாறு சொல்லிக்கொடுத்த மருத்துவம் அது. இப்பொழுது அதற்குப் பாடத்திட்டமும் பரீட்சையும் பட்டமும் உண்டு. அதனைப் பயில அமர்ந்திருப்பவருள் பெண்களும் உளர்.