தோழர் உயிர் காத்த சுபேதார் சுப்பிரமணியன்

போரை நடத்திய மன்னரின் பெயரைப் பொன்னெழுத்திற் பொறிப்பது உலக வழக்கு. அப்போரில் மாண்ட சிப்பாயின் பெயரோ பெரும்பாலும் அவன் குடும்பத்தோடு மறைந்து விடுகின்றது. மிஷன் கல்லூரியிற் பயின்ற நாம், திரபல்கார்க் கடற்போரில் நெல்சன் வீழ்ந்த கதையைப் பன்முறை படித்து வியந்தோம். ஆயின், தமிழ் மண்ணிற் பிறந்து, இத்தாலி நாட்டிலே தன் தோழர்க்காக உயிர் நீத்த சுபேதார் சுப்பிரமணியனின் பெயரைக் கல்லூரியை விட்டு நீங்கிய பின்னரே அறிந்தோம். இதனை நாணத்தோடு ஒப்புக்கொண்டு, அவ்வீரரின் நினைவை இம்மலரிற் சூட்டுகின்றோம்.

காஞ்சிபுரத்தை அடுத்த கீழ் ஒட்டிவாக்கம் என்னும் கிராமமே அவர் பிறந்த ஊர். 1780ஆம் ஆண்டிலே தோன்றியதும், பெங்களூரைத் தலைமையிடமாகக் கொண்டதுமாகிய 'மெட்ராஸ் சப்பர்ஸ்' என்னும் பொறியியற் படையில் அவர் சேர்ந்தார். இப்படையினரின் தொழில் தனித்தன்மை வாய்ந்தது. ஆற்றுக்குப் பாலமிடுதல், மலையிலே பாதை வெட்டுதல், பகைவர் புதைத்த கண்ணிவெடிகளைத் தேடி அகற்றுதல் என்பனவே இவர்தம் கடமை. பிறர் நடப்பதற்கு வழி செய்ய, தாம் முன்னே நடப்பவர்கள் இவர்கள்.

இரண்டாவது உலகப் போரிலே இந்தியப் படையிற் சேவை செய்தோர் 25 இலட்சம் பேர். அப்படையின் மூன்று டிவிஷன்கள் இத்தாலியிற் பொருதன. 1943 செப்டெம்பரில் நேச நாட்டுப் படைகள் அந்நாட்டின் பெருநிலத்தில் இறங்கின. எனினும், உரோமாபுரிக்குச் செல்லும் வழியிலே கசினோ மலையில் ஜேர்மானியர் அவற்றைத் தடுத்து நிறுத்தினர். 1944 பெப்ரவரி 15ஆந் திகதி, அம்மலை உச்சியிலிருந்த பழம்பெருந் துறவிமடம் விமானக் குண்டுகளால் இடிந்து தரைமட்டமாயிற்று. அம்மாதத்திலே கசினோவைத் தாக்கிய படைகளுள் நான்காவது இந்திய டிவிஷனும் ஒன்று. நம் சுபேதார் அதன் பொறியியற் பிரிவுகளுள் ஒன்றில் இருந்தார். பின்வாங்கிய ஜேர்மானியர் பாதையோரங்களிலும் வயல்களிலும் கண்ணிவெடிகளைப் புதைத்துச் சென்றிருந்தனர்.

பெப்ரவரி 24ஆந் திகதி, கசினோவுக்குத் தெற்கேயுள்ள மிஞானோ என்னுமிடத்திற் கண்ணி அகற்றும் வேலை நடந்தது. சுப்பிரமணியன் ஒரு சிறு குழுவை நடத்திச் சென்றார். வேலை நடந்துகொண்டிருக்கையிலே ஒரு கண்ணி முடுக்கப்பட்டது. அது வெடிப்பதற்கு ஒரு சில விநாடிகளே இருந்தன. பல ஆண்டு பழகிய அவருக்கு அது நன்றாகத் தெரியும். விலகி ஓடித் தரையில் விழுந்திருந்தால் அவர் தப்பியிருக்கவுங் கூடும். அவர் ஓடவில்லை. கண்ணியின் மேலே தம் உடலைக் கிடத்தினார். வெடியின் வேகம் முழுவதையும் அவ்வுடல் தாங்கிற்று. சுற்றி நின்றோர் பிழைத்தனர், அவர் மாண்டார்.

அவருக்கு ஜோர்ஜ் குறோஸ் என்னும் உயர்விருது 1944இலேயே வழங்கப்பட்டது. 1940இல் ஏற்படுத்தப்பட்ட இவ்விருது, பகைவரை நேர்நின்று பொருத செயலுக்கு உரியதன்று. அத்தகைய செயலுக்கு விக்ரோறியா குறோஸ் உண்டு. ஒருவரையுங் கொல்லாமல், பிறரைக் காத்தமைக்காகவே சுப்பிரமணியன் இப்பெருமை பெற்றார் என்பதை அன்பர்கள் கருதுதல் வேண்டும்.

இவ்விடத்தில் ஒரு வினா எழும். அவர் அந்நியரின் பேரரசுக்குத் தொண்டு செய்த சிப்பாயன்றோ? 1942 ஓகஸ்டிலே 'வெள்ளையனே வெளியேறு' என முழங்கிய தலைவர்கள் அப்பொழுது சிறையிலிருந்தனரே! அவரைப் போற்றுதல் தகுமோ? இவ்வினாவை நாம் ஒதுக்கிவிடவில்லை. அவர் யாருடைய கொடியின் கீழ் நின்றார் என்பதைச் சரித்திரம் எழுதட்டும். ஆனால் அந்த ஒரு சில விநாடிகளில் அவர் கண் முன்னே நின்றது கொடியுமன்று, முடியுமன்று. உடன் வந்த தோழரின் உயிர். வச்சிராயுதத்திற்குத் தம் என்பை ஈந்த ததீசி முனிவரை நம் புராணம் போற்றுகின்றது. நண்பனுக்காக உயிர் கொடுப்பதே அன்பின் எல்லையென்று கல்லூரித் தேவாலயத்திலே கேட்டோம். இருவேறு நெறிகளும் போற்றும் செயலொன்றைக் கீழ் ஒட்டிவாக்கத்து மைந்தர் செய்து காட்டினார்.

வீரனுக்குக் கல்நடுதல் நம் முன்னோர் மரபு. தகுந்த கல்லைக் காணுதல் முதலாக அதனை வாழ்த்துதல் ஈறாக, அதன் நிலைகளைத் தொல்காப்பியம் வகுத்துரைக்கின்றது. தமிழகத்திற் கிடைத்த நடுகற்களுட் பல, நாடு வென்ற வேந்தர்க்கு உரியனவல்ல. ஊராரின் ஆநிரையை மீட்கப் போய் மாண்ட எளியோர்க்கு ஊரார் நட்டவை அவை. காத்தவனைக் கல்லில் எழுதுவது தமிழ் அறம். அவ்வறத்தின்படி சுப்பிரமணியன் நடுகல்லுக்கு முழு உரிமையுடையவர்.

இளைஞர்காள்! கண்ணிவெடி என்பது நமக்குத் தூரதேசத்துக் கதையன்று. 2002 முதல் வடக்கிலே, முகமாலை முதலிய இடங்களில், முழந்தாளிட்டு மண்ணை விரல்விரலாகக் கிளறிக் கண்ணி அகற்றியோர் நம் அயலவர். அவர்களுட் பெண்கள் பலர். 2017 டிசெம்பரில் நம் நாடு கண்ணிவெடித் தடை உடன்படிக்கையில் இணைந்தது. ஒரு காணியைத் துப்புரவு செய்ய எத்துணைப் பொறுமையும் நெஞ்சுரமும் வேண்டுமென்பதை, தம் காணிக்குத் திரும்பக் காத்திருந்த நம் பெரியோர் அறிவர். ஆதலின் சுப்பிரமணியனின் செயலை அளந்தறிய நம்மினுந் தகுதியுடையார் யாவர்?

போர்கள் முடியும், பேரரசுகள் மறையும். பிறர் அஞ்சாமல் நடப்பதற்கு வழி செய்தவரின் புகழ் மறையாது. நம் சங்கத்து இளைஞர் ஆண்டுதோறும் பெப்ரவரி 24ஆந் திகதி அவர் பெயரால் ஒரு தீபம் ஏற்றுவாராக. அதே தீபத்தின் முன் நம் மண்ணிற் கண்ணி அகற்றுவோரையும் நினைவாராக. வாழ்க அவ்வீரர் நாமம்!