மேடை தந்த பேச்சு

பேசும்படம் பிறந்த காலத்தில் அதற்குப் பேச்சை வழங்கியது நாடக மேடையே. 1927இல் ஹொலிவூட்டில் வெளிவந்த 'த ஜாஸ் சிங்கர்', 1925இல் மேடையேறிய நாடகமொன்றின் திரைவடிவமாகும். தமிழில் 1934இல் வந்த 'பவளக்கொடி'யும் மேடையிற் புகழீட்டிய பின்னரே திரைக்கு வந்தது.

ஈழத்து வரலாறும் இதற்குப் புறம்பானதன்று. முதற் சிங்களப் பேசும்படமான 'கடவுனு பொறொந்துவ' 1947 சனவரி 21ஆம் நாள் கொழும்பு, கொட்டாஞ்சேனை கிங்ஸ்லி அரங்கிலே திரையிடப்பட்டது. பி. ஏ. டபிள்யூ. ஜயமான்னவின் மினர்வா நாடகக் குழு நடித்துவந்த நாடகமே அதன் மூலம். தயாரித்தவர் தமிழரான எஸ். எம். நாயகம். மதுரையிலிருந்த அவரது சித்திரகலா மூவிடோன் கலையகத்திலேயே படம் உருவாயிற்று. நெறியாள்கை இந்தியரான ஜோதிஷ் சிங்கினுடையது. கதாநாயகி ருக்மணி தேவியின் இயற்பெயரோ டெய்சி ராசம்மா டானியல்ஸ்.

இப்படம் தென்னிந்தியப் படங்களின் நகல் என்பது பிற்கால விமர்சகரின் குற்றச்சாட்டு. அதில் உண்மையுண்டு. கமெரா கலையகத்தை விட்டு ஈழத்துக் கிராமத்தை நாடிச் செல்ல, 1956இல் லெஸ்டர் ஜேம்ஸ் பீரிஸின் 'ரேகாவ' வரவேண்டியிருந்தது. ஆனால் அதே 1956இலேதான் தனிச் சிங்களச் சட்டமும் நிறைவேறியது. சிங்களத் திரை தனது சொந்த முகத்தைக் கண்ட ஆண்டே, அதன் பிறப்பிற் பங்குகொண்ட மொழி அரச கருமங்களிலிருந்து விலக்கப்பட்ட ஆண்டுமாகும்.

எனவே 'நகல்' என்ற ஒரு சொல்லால் அப்படத்தை ஒதுக்கிவிடுதல் தகாது. சிங்கள நாடகமும் தமிழர் முதலும் மதுரைக் கலையகமும் கூடிப் படைத்த ஆக்கம் அது. தமிழும் சிங்களமும் அருகருகே ஒலிக்கும் திருகோணமலைத் துறைமுகத்தின் அயலிற் பயிலும் நாம், அக்கூட்டுழைப்பையும் நமது வரலாறாகவே எழுதல் வேண்டும்.