நடந்த ஒரு வேலைநிறுத்தமும் நடக்காத ஒரு வேலைநிறுத்தமும்

1920 மார்ச் 13. ஜெர்மனியின் தலைநகர் பெர்லினுக்குள் ஒரு கலகப்படை நுழைந்தது. வோல்ஃப்காங் காப் என்ற தீவிர வலதுசாரி, நானே இனி ஆட்சித் தலைவர் என்று அறிவித்தார். ராணுவத் தளபதிகள் கலகக்காரர்களைச் சுட மறுத்துவிட்டனர். சமூக ஜனநாயகக் கட்சி தலைமையிலான அரசு ட்ரெஸ்டனுக்கும், அங்கிருந்து ஸ்டுட்கார்ட்டுக்கும் ஓடியது.

நாட்டைக் காப்பாற்றியது தொழிற்சங்கங்கள். கார்ல் லெகியன் தலைமையில் பொது வேலைநிறுத்தம் தொடங்கியது. சுமார் 1.2 கோடி பேர் கலந்துகொண்டனர். பெர்லினில் ரயில், டிராம், மின்சாரம், பத்திரிகை எல்லாம் நின்றன. மத்திய வங்கியும் காப்புக்குப் பணம் தர மறுத்தது. மார்ச் 17 அன்று காப் ஓட்டம் பிடித்தார்!

இனி 12 வருடம் கழித்து நடந்ததைப் பார்ப்போம். 1932 ஜூலை 20 அன்று பிரஷ்யா மாகாணத்தின் சமூக ஜனநாயக அரசைப் பாப்பன் கலைத்தார். இம்முறை வேலைநிறுத்தம் இல்லை. கட்சி நீதிமன்றத்துக்குப் போனது, தேர்தலை நம்பியது.

ஏன் இந்த மாற்றம்? கம்யூனிஸ்டுகளுடன் இருந்த பகை ஒரு காரணம். அதைவிடப் பெரிய காரணம் பொருளாதாரம். 1932 தொடக்கத்தில் வேலையில்லாதோர் 60 லட்சத்தைத் தாண்டியிருந்தனர். ஒருவன் வேலையை நிறுத்தினால் அந்த இடத்துக்கு வாசலில் பத்துப் பேர் காத்திருந்த காலம் அது. வேலையே இல்லாதவன் எதை நிறுத்துவான்?

தொழிற்சங்கங்களுக்கு இது தெரிந்தே இருந்தது. அரசு கடன் வாங்கி 10 லட்சம் பேருக்குப் பொதுப்பணிகளில் வேலை தரலாம் என்று 1932லேயே ஒரு திட்டம் கொடுத்தன. பணவீக்கம் வரும் என்று பயந்து ஹில்ஃபர்டிங் போன்ற கட்சியின் பொருளாதார நிபுணர்களே அதை எதிர்த்தனர். நாஜிகளோ வேலையும் சோறும் தருவோம் என்று ஊர் ஊராகப் பேசினர். 1928ல் 2.6 சதவீதமாக இருந்த அவர்களது ஓட்டு, 1932 ஜூலையில் 37 சதவீதம் ஆனது.

1933 மே 1 அன்று நாஜி அரசு நடத்திய விழாவில் கலந்துகொள்ளுமாறு சங்கத் தலைமையே தொழிலாளர்களைக் கேட்டுக்கொண்டது. அப்படிப் பணிந்தாலாவது சங்கம் பிழைக்கும் என்ற நம்பிக்கை. மறுநாளே சங்க அலுவலகங்கள் பறிக்கப்பட்டன, தலைவர்கள் கைதாயினர்.

அதே மே மாதம் ஸ்வீடனில் வேறு கதை. அங்கே சமூக ஜனநாயகக் கட்சி விவசாயிகள் கட்சியுடன் ஒப்பந்தம் போட்டது. விவசாயிக்கு நல்ல விலை, வேலையில்லாதவனுக்குச் சந்தைக் கூலியில் பொதுப்பணி. ஸ்வீடன் நாஜிக் கட்சிகளால் நாடாளுமன்றத் தேர்தலில் ஓர் இடம்கூட ஜெயிக்க முடியவில்லை.

வேலைநிறுத்தம் கூர்மையான ஆயுதம்தான். ஆனால் அதைப் பிடிக்கும் கைக்கு முதலில் வேலை இருக்க வேண்டும். அந்த வேலைக்கு வழி செய்யாத கட்சி, தன் ஆயுதத்தைத் தானே மழுங்கடித்துக்கொள்கிறது.