மான் தலைக்கு ஒரு வருஷ வெயிட்டிங்

இந்த எபிசோட் ஒரு கராஜ்ல ஆரம்பிக்குது.

சில வருஷம் முன்னாடி ஆன்சைட் வேலையா அமெரிக்காவுல, விஸ்கான்சின் மாநிலத்துல இருந்தேன். ஒரு சனிக்கிழமை டீம்மேட் ஒருத்தர், "ஒரு பொருள் வாங்கிட்டு வரணும், கூட வர்றியா?"ன்னு கேட்டார். சோளக்காட்டுக்கு நடுவுல ஒரு மணி நேர டிரைவ். கடைசியில ஒரு வீட்டுக்குப் பின்னாடி இருந்த கராஜ். உள்ளே சுவர் முழுக்க மான் தலைகள், விசிறி மாதிரி விரிச்சு வெச்ச வான்கோழி வால்கள், மூலையில பெரிய ஃப்ரீசர்கள். வேட்டைக்காரங்க கொண்டுவர்றதைப் பாடம் பண்ணித் தர்ற கடை. இங்கிலீஷ்ல டாக்ஸிடெர்மி.

அவர் வாங்க வந்தது, அவங்க அப்பா சுட்ட கடைசி மான். போன நவம்பர்ல கொடுத்தது. தலை தயாராகி வர்றதுக்குள்ள அப்பா இறந்துட்டார். அந்தக் கண்ணாடிக் கண்களைப் பார்த்தபடி அவர் ரொம்ப நேரம் பேசவே இல்லை.

எனக்கு ரெண்டு கேள்வி வந்தது. ஒண்ணு, இதுக்கு ஏன் கிட்டத்தட்ட ஒரு வருஷம்? இன்னொண்ணு, வருஷா வருஷம் இத்தனை பேர் சுட்டும் எப்படி இன்னும் மான் மிச்சம் இருக்கு?

முதல் கேள்விக்குக் கடைக்காரரே பதில் சொன்னார். விஸ்கான்சின்ல துப்பாக்கி வேட்டையின் முக்கியமான சீசன் வெறும் 9 நாள். வருஷத்து வேலையில பெரும்பகுதி அந்த 9 நாள்லயே வாசலுக்கு வந்துடும். தோள் வரைக்கும் தோலை உரிச்சு, ஒட்டியிருக்கிற சதையைச் சுரண்டி, உப்பு போட்டு, பதனிடணும். அப்புறம் மான் கழுத்து வடிவத்துல இருக்கிற ஃபோம் உருவத்துமேல போர்த்தி, களிமண்ணால கண் இமையைச் செதுக்கித் தைக்கணும். வான்கோழி இன்னும் தொல்லை: கொழுப்பு போக இறகோட தோலைக் கழுவி, ஒவ்வொரு இறகும் பழையபடி நிக்கிற வரைக்கும் உலர்த்தணும். எல்லாமே வரிசையில நிக்குது. நம்ம பாஷையில சொன்னா, 9 நாள்ல வந்து குவிஞ்ச டிக்கெட்டை ஒரே ஆள் வருஷம் முழுக்க முடிச்சுக்கிட்டு இருக்கார்.

ரெண்டாவது கேள்விக்கு ஒரு நூற்றாண்டு பின்னாடி போகணும். இது பரம்பரை பரம்பரையா வர்ற கிராமத்துத் தொழில்னு நான் நினைச்சிருந்தேன். பாதிதான் சரி. 1903-ல நெப்ராஸ்கா மாநிலம் ஒமாஹா நகரத்துல நார்த்வெஸ்டர்ன் ஸ்கூல் ஆஃப் டாக்ஸிடெர்மின்னு ஒரு பள்ளி தொடங்கினாங்க. வகுப்பறைக்குப் போக வேண்டாம், புத்தகங்கள் தபால்ல வரும். பத்திரிகை விளம்பரம் பார்த்த பண்ணைவீட்டுப் பசங்க காசு அனுப்பிக் கத்துக்கிட்டாங்க. பாடம் பண்றதுக்கே தபால்ல பாடம்!

ஆனா அந்தப் பசங்களுக்குப் பாடம் பண்ண மான் கிடைக்கிறது அபூர்வம். 19-ஆம் நூற்றாண்டு முழுக்கக் காட்டை வெட்டி, கறியையும் தோலையும் ரயில்ல நகரங்களுக்கு ஏத்தி வித்ததுல, 1900 வாக்கில் நாடு முழுக்க வெள்ளைவால் மான் 5 லட்சத்துக்கும் கீழேன்னு கணிக்கிறாங்க. காட்டு வான்கோழி பல மாநிலங்கள்ல ஒண்ணுகூட இல்லாம போயிடுச்சு.

திருப்பத்தைக் கொண்டுவந்தது ரெண்டு சட்டம். 1900-ல வந்த லேசி சட்டம், திருட்டுத்தனமா வேட்டையாடினதை மாநிலம் விட்டு மாநிலம் கடத்தி விக்கிறதைத் தடுத்தது. 1937-ல வந்த பிட்மன்-ராபர்ட்சன் சட்டம், வேட்டைத் துப்பாக்கி, தோட்டா மேல போடுற வரியை வனவிலங்கு வேலைக்கு ஒதுக்கி, மாநிலங்களுக்குப் பிரிச்சுக் கொடுத்தது. அதுல ஒரு நிபந்தனை: வேட்டை லைசென்ஸ்ல வர்ற பணத்தை மாநில அரசு வேற எதுக்கும் திருப்பிவிடக் கூடாது. அதாவது வியாபார வேட்டையை மூடிட்டு, சொந்த வேட்டையை வெச்சுக்கிட்டு, அதுக்கே பில் போட்டாங்க.

பணம் வந்தாலும் வான்கோழி உடனே திரும்பல. பண்ணையில வளர்த்த குஞ்சுகளைக் காட்டுல விட்டுப் பார்த்தாங்க. தாய்கிட்ட பிழைக்கக் கத்துக்காத பறவைங்க, தாக்குப்பிடிக்கல. 1950-கள்ல பீரங்கி மாதிரி பாய்ஞ்சு விரியுற வலையால நிஜக் காட்டுப் பறவைகளைப் பிடிச்சு, அழிஞ்சுபோன இடங்களுக்குக் கொண்டுபோனாங்க. அது பலிச்சது. இன்னைக்கு மான் சுமார் 3 கோடி, வான்கோழி சுமார் 60 லட்சம்.

அந்த மீட்சிக்குப் பிறகுதான் ஊருக்கு ஊர் இந்தக் கராஜ் கடைகளுக்கு நிலையான வேலை வந்தது. 1970-கள்ல ரெடிமேட் ஃபோம் உருவங்களும் வந்து வேலையைச் சுலபமாக்குச்சு.

அதே காலத்துல நம்ம பக்கம் நடந்தது நேர் எதிர். மைசூர்ல வான் இங்கன் குடும்பம் 20-ஆம் நூற்றாண்டுத் தொடக்கத்துல இருந்து மகாராஜாக்களுக்கும் வெள்ளைக்காரங்களுக்கும் புலி, சிறுத்தையைப் பாடம் பண்ணிக் கொடுத்தது. 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வேட்டையையே நிறுத்த, வேலை வத்தி, 1999-ல அந்தப் பட்டறையும் மூடுச்சு. எனக்கு அதுல வருத்தமில்லை. புலியை மான் கணக்குல பார்க்க முடியாது. ஆனா விலங்கைக் காப்பாத்த ஒரே வழிதான் உண்டுன்னு நான் நம்பிக்கிட்டிருந்தது அந்தக் கராஜ்ல ஆட்டம் கண்டது உண்மை.

அவங்க வழியும் பத்திரமா இல்லை. வேட்டைக்காரங்க எண்ணிக்கை குறைஞ்சா லைசென்ஸ் பணமும் குறையும். கூடவே மானோட மூளையை அழிக்கிற சி.டபிள்யூ.டி.ங்கிற நோய். விஸ்கான்சின் காட்டு மான்கள்ல 2002-ல கண்டுபிடிச்சாங்க. மருந்து கிடையாது. பல மாநிலங்கள்ல பரிசோதனைக்கு மாதிரி எடுக்க இந்தக் கடைக்காரங்களும் உதவுறாங்க. தலை முதல்ல வர்றது இவங்க கைக்குத்தானே.

திரும்பி வரும்போது டீம்மேட் அந்த மான் தலையைப் பின் சீட்டுல உட்கார வெச்சு, சீட் பெல்ட் போட்டுவிட்டார். நான் சிரிச்சேன். அவர் சிரிக்கல. "அப்பா எப்பவும் அந்த சீட்லதான் உட்காருவார்"ன்னார்.

எழும்பூர் மியூசியத்துல பாடம் பண்ணின விலங்குகளைப் பார்த்தப்போ உங்களுக்கு என்ன தோணுச்சு? எழுதுங்க. அடுத்த எபிசோட்ல பார்ப்போம்.