அத்திப்பட்டு வழிச் சென்ற விறகு

அத்திப்பட்டு என்ற மாத்திரத்தில் இக்காலத்தார்க்கு நிலக்கரியும், 1994-ஆம் ஆண்டில் இயங்கத் தொடங்கிய அனல்மின் நிலையமுமே நினைவிற்கு வரும். ஆயின், நம் பாட்டனார் காலத்தில் இவ்வூரையொட்டிப் பட்டணத்திற்குச் சென்ற எரிபொருள் விறகேயாம். அவ்வரலாற்றை நம் சங்கத்து இளைஞர் அறிந்துகொள்ளுதல் நன்று.

1806-ஆம் ஆண்டில் பேஸில் காக்ரேன் என்னும் வணிகர் சென்னையினின்று எண்ணூர் வரை கால்வாய் வெட்டுவித்தார். பின்னர் அது பழவேற்காட்டு ஏரி வரை நீண்டது. 1837-இல் சர்க்கார் அதனை ஏற்றுக்கொண்டது. 1878-இல் பக்கிங்ஹாம் கால்வாய் என்னும் பெயர் வழங்கலாயிற்று. அந்நாளில் நெல்லூர் ஜில்லாவைச் சார்ந்திருந்த ஸ்ரீஹரிகோட்டைக் காட்டு விறகு, தோணிகளில் இவ்வழியே வந்து பட்டணத்து அடுப்புகளை எரியச் செய்தது.

1856-இல் இராயபுரத்தினின்று புகைவண்டி ஓடத் தொடங்கிற்று. அக்காலத்து எஞ்சின்கள் விறகையும் எரித்தமையால் காடுகள் விரைந்து குறையலாயின. அவ்வாண்டிலேயே கிளெக்ஹார்ன் என்பார் சென்னை மாகாணத்துக் காடுகளைக் காக்கும் அதிகாரியாக நியமனம் பெற்றார்.

அடியோடு அழியாமல் விறகு பெறும் வழி யாது? உசிலை, வேம்பு, நாவல் முதலிய மரங்களை வேரோடு பறியாது, தரையையொட்டி வெட்டின், அடிக்கட்டையினின்று பல தளிர்கள் கிளைத்தெழும். வெட்டுவாய் நீர் தங்காதவாறு சரிவாயிருத்தல் வேண்டும். காட்டைப் பல கூப்புகளாகப் பகுத்து, ஆண்டிற்கு ஒன்றாக வெட்டிவரின், கடைசிக் கூப்பை வெட்டி முடிக்குங்கால் முதற் கூப்பு மீண்டும் முதிர்ந்து நிற்கும். முதலை அழியாது வட்டியில் வாழ்வது போன்றதே இம்முறை.

கடற்கரை மணலில் விறகிற்கென நட்ட சவுக்கோ நன்கு மறுதளிர் விடுவதன்று. வெட்டியபின் புதுக்கன்று நடுதல் வேண்டும். ஆகவே மரத்தின் குணமறிந்தே அரிவாளை ஓங்குதல் தகும்.

இம்முறைக்கு மற்றொரு புறமும் உண்டு. இளந்தளிரை ஆடு கடித்தால் காடு பாழாகும். ஆதலின் கூப்பை அடைத்துக் காத்தல் அவசியமே. ஆனால் 1882-ஆம் ஆண்டுக் காட்டுச் சட்டத்தின்பின் அவ்வடைப்பு ஏழைகளின் மேய்ச்சலையும் சுள்ளியையும் பல இடங்களில் தடுத்தது. 1835-இல் ஸ்ரீஹரிகோட்டை சர்க்கார் வசமானபோது, அக்காட்டையே வீடாகக் கொண்ட யானாதியர் அயலார் ஆணைக்கு உட்பட்டனர். காட்டைக் காப்போர் அதில் வாழ்வாரையும் காத்தல் கடமையன்றோ?

நிலக்கரிக்கு மறுதளிர் இல்லை. அடிக்கட்டையை விட்டுவைத்த நம் முன்னோர் நமக்கும் ஒரு பங்கை விட்டுவைத்தனர். நம் மக்கட்கு நாம் எதனை விட்டுவைப்போம் என்பதை அன்பர்கள் சிந்திப்பார்களாக.